தாலிக் கயிற்றில் மாட்டிய ஈ

போன வாரம் எதிர்வீட்டுப் பெண் என் சின்னவளைத் தூக்கிக்கொண்டு போய், பத்துக் கால்விரலுக்கும் சிவப்பாக நெயில் பாலிஷ் போட்டு அனுப்பியிருந்தாள். ஒரு வயதுக் குழந்தை. காலைத் தூக்கி வாயில் வைத்துக்கொள்கிற பருவம். பாட்டிலை வாங்கிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தையெல்லாம் படித்தேன். பிறகு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருமுனை மருந்துக்கடைக்குப் போய்க் கேட்டேன். "ஒண்ணும் ஆவாதும்மா" என்றார் கடைக்காரர். ஒன்றும் ஆகாது என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. ஊரப்பாக்கத்தில் இந்த நான்கு வருடத்தில் அந்தக் கடைக்காரருக்கும் அது தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து பஞ்சை ரிமூவரில் நனைத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தேன். சுத்தமாகப் போயிற்றா என்று பஞ்சை மூக்கருகில் கொண்டுபோனபோது கை அப்படியே நின்றுவிட்டது.

அது ஈ கம்பெனியின் வாசனை.

ஈ கம்பெனி என்றால் உங்களுக்குப் புரியாது. அப்போது நாங்கள் குடியிருந்த திருக்கழுக்குன்றத்தில் இருந்தவர்களுக்கே சரியாகப் புரிந்ததில்லை. "ஈ ஓட்டறதுக்குக்கூட ஆள் எடுக்கறாங்களா?" என்று என் கணவரின் நண்பர்கள் கேட்பார்கள். குளிர்நாடுகளில் ஆற்று மீன்கள் தண்ணீரின் மேல் வந்து உட்காரும் பூச்சிகளைத் தின்னும். அங்கே பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுகிறவர்கள் புழு மாட்டுவதில்லை. பூச்சி மாதிரியே செய்த ஒன்றைத் தண்ணீரில் மிதக்க விடுவார்கள். சின்னத் தூண்டில் முள்ளின் மேல் நூலும் சேவல் இறகும் மிருகமுடியும் சுற்றி அந்தப் பூச்சியைக் கட்ட வேண்டும். அதைத்தான் செங்கல்பட்டு சாலையில் ஒரு பழைய அரிசி ஆலைக் கட்டடத்தில் நாற்பது பெண்கள் செய்துகொண்டிருந்தோம். தொண்ணூறுகளின் கடைசி. நான் விலங்கியல் படித்தவள். அதனால் பூச்சிகளைப் பற்றித் தெரிந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டார்களோ என்னவோ. பரீட்சைக்குக் கரப்பான் பூச்சியை அறுக்கக் கண்ணை மூடிக்கொண்டவள் நான்.

உள்ளே நுழைந்ததும் பாச்சை உருண்டை வாசனை அடிக்கும். இறகு மூட்டைகளுக்காகப் போட்டது. அதற்கு மேல் வார்னிஷ் வாசனை. கட்டி முடித்த ஈயின் தலையில் ஊசிமுனையால் ஒரு பொட்டு வார்னிஷ் வைப்போம், முடிச்சு அவிழாமல் இருக்க. இரண்டும் சேர்ந்து தலைமுடியில் ஏறிக்கொள்ளும். வெள்ளிக்கிழமை சீயக்காய் போட்டாலும் போகாது.

எனக்குப் பக்கத்து இருக்கை அஞ்சலை. மாமல்லபுரம் தாண்டிக் கொக்கிலமேட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். என் வயதுதான். இரண்டு பிள்ளைகள். அவள் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். ஒருநாள் மாலை எண்ணி முடித்துக் கழிவில் போட்ட ஒரு ஈயைக் கேட்டு வாங்கிக் கொண்டுபோய் அவரிடம் காட்டியிருக்கிறாள்.

"இத்துல மீனு புடிக்கிறானா, மீனுக்கு ஊசி போடுறானான்னு கேக்குது அது" என்றாள் மறுநாள்.

"புடிச்சிட்டுத் திரும்பத் தண்ணியிலயே விட்டுடுவாங்களாம்" என்றேன், எங்கள் வேலையை மேற்பார்க்கும் மேடம் சொல்லியிருந்ததை நினைத்து.

"வுட்டுடுவானா? அப்பால எதுக்குப் புடிக்கிறான்? பேஜாரு புடிச்சவன்."

வேலை கையில் படிய எனக்கு மூன்று மாதம் ஆனது. நூல் தலைமுடியைவிட மெல்லியது. தளர்த்திச் சுற்றினால் இறகு உருவிக்கொண்டு வரும், இறுக்கினால் அறுந்துவிடும். அறுவதற்குச் சற்று முன்னால் நூல் விரலில் லேசாக நடுங்கும். அந்த நடுக்கம் வரைக்கும் போய் நிறுத்த வேண்டும். உடம்புக்கு முயல்முடியைப் பிய்த்து, மெழுகு தடவிய நூலில் ஒரே பக்கமாக முறுக்குவோம். மேடம் என் பின்னால் வந்து நின்று, "எடுத்ததுல பாதியைக் கீழ போடு. மிச்சத்துலயும் பாதியைப் போடு" என்பார். நான் எதையும் அதிகமாக எடுக்கிறவள். என் ஈக்களெல்லாம் ஆரம்பத்தில் கர்ப்பிணிகளைப் போல இருந்தன. நானும் அப்போது அப்படித்தான் இருந்தேன்.

இறக்கை கட்டுவதுதான் கஷ்டம். ஒரு சிட்டிகை முடியைப் பித்தளைக் குழாய்க்குள் நுனி கீழே இருக்கும்படி போட்டு மேஜையில் தட்டினால் நுனிகளெல்லாம் ஒரே மட்டத்துக்கு வரும். அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து முள்ளின் முதுகில் வைத்து, நூலை விரல்களுக்கு இடையிலேயே தளர்வாக ஒரு வளையம் விட்டு, பிடியைத் தளர்த்தாமல் நேர்கீழாக இழுக்க வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் இறக்கை சரிந்து ஒரு பக்கமாகப் படுத்துவிடும். பிறகு சேவல் இறகு. அதை முள்ளைச் சுற்றி வளைத்து, இழையின் நீளம் சரிதானா என்று முதலில் பார்ப்போம். சரியாக இருந்தால் காம்பைப் பிடித்து ஐந்து சுற்று. முந்தின சுற்றின் இழைகளைப் பின்னால் நீவி விட்டுத்தான் அடுத்த சுற்று. நீவாமல் சுற்றினால் ஈ தூங்கி எழுந்த மாதிரி இருக்கும்.

கம்பெனியில் ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள். காலையில் ஆளுக்கு நூறு முள் எண்ணித் தருவார்கள். மாலை ஐந்து மணிக்குக் கட்டினது, கெட்டது, வெறும் முள் எல்லாம் சேர்த்து நூறு இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் கதவு திறக்காது. முள்ளை வாயில் கவ்வக் கூடாது, உடம்பிலோ உடையிலோ குத்தக் கூடாது என்று சுவரில் எழுதியே வைத்திருந்தார்கள். குத்தினால் மறுநாள் வர வேண்டாம். ஒருத்தியை அப்படி அனுப்பியதை நாங்கள் பார்த்திருந்தோம்.

பிரசவத்துக்குப் பிறகு நான் திரும்பி வந்தபோது பெரியவளுக்கு ஐந்து மாதம். என் கணவருக்குக் கல்பாக்கத்தில் ஒரு காண்ட்ராக்டரிடம் கட்டட வரைபடம் வரைகிற வேலை. நாங்கள் திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவருடைய தங்கை செல்வி எங்களோடு வந்து இருந்தாள். வீடு இரண்டு தெரு தள்ளித்தான். பதினொன்றுக்கும் மூன்றேகாலுக்கும் செல்வி குழந்தையைக் கொண்டுவருவாள். ஹாலுக்குள் குழந்தை வரக் கூடாது. பின்னால் இறகு மூட்டைகள் அடுக்கிய அறையில் உட்கார்ந்து பால் கொடுப்பேன்.

அந்த வெள்ளிக்கிழமை புது மாதிரி ஒன்று வந்திருந்தது. பழுப்பு இறகு, வெள்ளை இறக்கை. மதியத்துக்கு மேல் நான் கட்டிய ஒன்றை மேடம் லென்ஸின் கீழே வைத்து வெகுநேரம் பார்த்தார். "இதையே சாம்பிளா வச்சுக்கலாம். பத்திரமா வை" என்றார். என்னைக் குறை சொல்லாமல் அவர் நகர்ந்தது அதுதான் முதல் தடவை. செல்வி வந்துவிட்டாள் என்று ஜன்னலில் குரல் கேட்டது. ஈயின் தலையில் வார்னிஷ் இன்னும் காயவில்லை. மேஜையில் வைத்தால் யாராவது எடுத்துப் பார்ப்பார்கள், கசக்கிவிடுவார்கள். தாலிக் கயிற்றில் எப்போதும் போல இரண்டு சேப்டி பின் தொங்கிக்கொண்டிருந்தன. நம் எல்லோருக்கும் அதுதானே அவசரத்துக்கு ஆணி? நான் யோசிக்கவே இல்லை. பின்களுக்குப் பக்கத்தில் ஈயை மாட்டிக்கொண்டு எழுந்து போனேன்.

உண்மையைச் சொன்னால், பத்திரத்துக்காக மட்டும் இல்லை. பால் கொடுக்கும்போது அதைப் பார்த்துக்கொண்டிருக்க ஆசையாக இருந்தது.

செல்வி அன்றைக்குப் பட்டுப்பாவாடை கட்டி, தலையில் மல்லிகைச்சரம் வைத்திருந்தாள். மாமல்லபுரத்தில் அவர்கள் சித்தி மகளுக்கு மறுநாள் வளைகாப்பு. அவள் குழந்தையோடு முன்னால் போவதாகவும், நான் வேலை முடிந்து வருவதாகவும் ஏற்பாடு. "சீக்கிரம் குடுங்க அண்ணி, நாலு மணி பஸ்ஸ விட்டா உட்கார எடம் கெடைக்காது" என்றாள். குழந்தை ஒரு கையால் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டே குடித்தது. எந்தக் குழந்தையும் அப்படித்தான். துப்பட்டியில் சுற்றிக் கொடுத்தேன். போனார்கள்.

ஐந்து மணிக்கு எண்ணினேன். தொண்ணூற்றொன்பது.

மறுபடி எண்ணினேன். அஞ்சலை எண்ணிப் பார்த்தாள். மேடம் எண்ணினார். கதவுக்குத் தாழ் போட்டார்கள். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரையெல்லாம் இழுத்தார்கள். மேஜைகளை நகர்த்தினார்கள். வெள்ளிக்கிழமை, எல்லோருக்கும் வீட்டில் விளக்கேற்ற வேண்டும். முணுமுணுப்பு கிளம்பியது.

இனி எழுதப்போவதை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

தொண்ணூற்றொன்பது என்றதுமே என் கை கழுத்துக்குப் போய்விட்டது. இரண்டு பின்கள் இருந்தன. ஈ இல்லை. உடனே மனசு, நான் அதைக் கழற்றி, கட்டி முடித்ததைக் குத்தி வைக்கிற தக்கையில் குத்தினேன் என்று சொன்னது. குத்தியதை விரலே ஞாபகம் வைத்திருந்தது, தக்கைக்குள் முள் இறங்கும் அந்த மெத்தென்ற உணர்ச்சி. ஆனால் அது அன்றைய உணர்ச்சியா, தினமும் நூறு தடவை குத்துகிற பழக்கமா? தக்கையைப் பார்த்தேன். அங்கே இல்லை. யாராவது எடுத்திருப்பார்கள் என்று நினைத்தேன். சாம்பிள் ஆயிற்றே. சொன்னால் வேலை போகும். முள் தரையில் கிடந்தால்? வீணாக வேலையை விட்டவள் ஆவேன். இன்னும் ஒரு நிமிஷம் பார்க்கலாம், காந்தம் அந்த மூலைக்குப் போகட்டும் என்று நினைத்தேன். நானும் குனிந்து மேஜைக்கடியில் தேடினேன். எதுவும் தெரியாதவள் மாதிரி, எல்லோரையும்விடச் சிரத்தையாக. சுவர்க் கடிகாரத்தில் ஐந்து பத்து. பிறகு ஐந்து இருபது.

தரையில் இல்லையென்றால், ஜோடி ஜோடியாக நின்று ஒருத்தி புடவையை மற்றவள் உதறிப் பார்க்க வேண்டும். அதுதான் முறை. என் ஜோடி அஞ்சலை. முந்தானையை உதறினாள். கொசுவத்தைத் தடவினாள். பிறகு அவள் கண் என் கழுத்தில் நின்றது. இரண்டு விரலால் தாலிக் கயிற்றைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். மஞ்சள் ஏறிய கயிற்றில் ஒரு பழுப்பு இழை ஒட்டிக்கொண்டிருந்தது. சேவல் இறகின் ஒற்றை இழை.

"இன்னாடி இது?" குரலே இல்லாமல் கேட்டாள்.

என் கண் கடிகாரத்துக்குப் போயிற்று.

"பால் குடுத்தியே, அப்பவா மாட்ன?"

தலையை ஆட்டினேன்.

"தெரிஞ்சிகினேவா கம்முனு தேடிகினு கீற?"

"எடுத்து வச்சுட்டேன்னு நெனச்சேன், அஞ்சலை. எடுத்து வச்ச மாதிரிதான் இருந்துச்சு."

அவள் என்னைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வது? கோபம் இல்லை. தெரியாத ஒருத்தியைப் பார்ப்பது போல இருந்தது. அடுத்த நொடி திரும்பி உரக்கச் சொன்னாள்.

"மேடம், தாப்பாள தொறங்க. முள்ளு இவ கொயந்தகிட்ட கீது. இப்பத்தான் இவளுக்கு ஞாபகம் வந்துச்சாம்."

இப்பத்தான் என்ற வார்த்தையை அவள்தான் சேர்த்தாள். நான் மறுக்கவில்லை.

மேடம் தாழைத் திறந்தார். சரக்கு வேனை எடுக்கச் சொன்னார். வேனில் அஞ்சலையும் நானும் டிரைவர் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தோம். போன் செய்யச் சித்தி வீட்டில் போன் கிடையாது, எதிர்க்கடையில்தான் உண்டு. அந்த நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை. எல்லா நம்பரையும் எழுதி வைக்கிறவள் நான். அந்தக் குறிப்பேடு வீட்டில் இருந்தது.

"வாயில போட்டிருக்குமா?" என்றேன்.

"தெரியாது."

"முழுங்கியிருந்தா அழுதிருக்கும் இல்ல?"

"தெரியாதுன்றேன் இல்ல." சிறிது தூரம் போன பிறகு, "கைல குத்திகினு கீதுன்னா பின்னால இழுத்துடாத. எதிர்முள்ளு கீது அதுல. சதயப் பிச்சிகினு வரும். நான் சொல்ற வரிக்கும் தொடாத" என்றாள்.

பக்கிங்ஹாம் கால்வாய்ப் பாலத்தில் மாடுகள் நின்றன. டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். நான் செல்வியின் பஸ்ஸைக் கற்பனை செய்தேன், கூட்டத்தில் யார் யார் மடியிலோ என் குழந்தை. அதன் வாயை எப்போதும் விரல் விட்டுத் துழாவிப் பார்க்கிற எனக்கு, அன்றைக்கு மட்டும் துழாவத் தோன்றவில்லை.

சித்தி வீட்டில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து வளையல்களை அடுக்கினார்கள். செல்வி எழுந்து வந்தாள்.

"வந்துட்டீங்களா அண்ணி. பாப்பா பஸ்ஸுல ஒரே அழுகை. கையத் தொட்டாலே கத்துறா. விரலத் தெறக்கவே விடல. எறும்பு கடிச்சிருக்கும்னு மேலால தேங்காயெண்ணெ தடவினேன். இப்பத்தான் தூங்குச்சு."

பாயில் மல்லாந்து தூங்கியது. ஒரு கை விரிந்து கிடந்தது. இன்னொரு கை இறுக்க மூடியிருந்தது. மூடிய விரல்களுக்கு நடுவே வெள்ளை முடி நாலைந்து நீட்டிக்கொண்டிருந்தன.

வாயில் இல்லை. அதை நினைக்கும்போதே, அஞ்சலை குழந்தையை என் மடியில் தூக்கி வைத்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கட்டைவிரலுக்குக் கீழே சதைப்பிடிப்பான இடத்தில் முள்ளின் வளைவு வரை இறங்கியிருந்தது. குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டது. சுற்றி நின்ற பெண்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். மஞ்சள் வை என்றார் ஒருவர். ஆஸ்பத்திரிக்குத் தூக்கு என்றார் இன்னொருவர்.

"நூலு" என்றாள் அஞ்சலை.

யாரிடமும் இல்லை. நாள் முழுக்க நூலோடு உட்கார்ந்திருக்கிற எங்கள் இரண்டு பேரிடமும் ஓரிழை இல்லை. அஞ்சலை கையை நீட்டிச் செல்வியின் தலையிலிருந்த மல்லிகைச்சரத்தை உருவினாள். பூக்களைச் சரசரவென்று தள்ளிவிட்டு நூலை இரட்டையாக மடித்தாள். முள்ளின் வளைவில் வளையமாகப் போட்டாள். "முள்ளோட காது கீது பாரு, அந்த எடத்த கீழ அமுத்து. தோலோட தோலா. கைய எடுக்காத. இன்னா ஆனாலும் எடுக்காத. முள்ளப் பாக்காத, கொயந்த மூஞ்சியப் பாரு."

அமுத்தினேன். இறக்கை கட்டும்போது பிடிக்கிற அதே பிடி. தளர்த்தினால் சரிந்துவிடும். அவள் நூலைச் சுண்டினாள்.

ஒரு சொட்டு ரத்தம். அவ்வளவுதான். குழந்தை மூச்சை இழுத்துப் பிடித்து, பிறகு அழுதது. பக்கத்துத் தெரு டாக்டரிடம் காட்டினோம். "தடுப்பூசியெல்லாம் போட்டிருக்கீங்க இல்ல? அப்ப பயப்பட வேண்டாம்" என்றார். மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் பொறுமையாகச் சொன்னார்.

ஈ அஞ்சலையின் உள்ளங்கையில் இருந்தது. எண்ணெயும் ரத்தமும் பட்டிருந்தது. ஆனால் ஒரு சுற்று அவிழவில்லை. இறக்கை சரியவில்லை. அவ்வளவு நன்றாகக் கட்டியிருந்தேன்.

திங்கட்கிழமை அதை ஒரு தாளில் மடித்து மேடத்திடம் கொடுத்தேன். எண்ணிக்கைப் புத்தகத்தில் நூறு என்று திருத்தினார். வேலையை விட்டு நிறுத்திவிடுவார் என்று காத்து நின்றேன். "பால் குடுக்கற பொண்ணு, மறதி வரத்தான் செய்யும். ஞாபகம் வந்த உடனே சொன்னியே. இன்னொரு தரம் கூடாது" என்றார். நான் வாயைத் திறந்தேன். பக்கத்தில் அஞ்சலை, முள்ளைக் கவ்விப் பிடிக்கும் வைஸில் ஒரு முள்ளை மாட்டிக்கொண்டு, தலையைத் தூக்காமல், "போய் ஒக்காரு" என்றாள்.

உட்கார்ந்தேன். நூல் அறுந்தது. அடுத்த நூலும் அறுந்தது. அந்த நடுக்கம் எனக்குத் தெரியாமல் போய்விட்டது. அதற்கு முன்பே நிறுத்தினால் இறகு உருவிக்கொண்டு வந்தது. அந்த மாதம் முடிய நானே நின்றுகொண்டேன். அஞ்சலை பஸ் நிறுத்தம் வரை வந்தாள். அந்த இருபது நிமிஷத்தைப் பற்றி அன்றும் ஒன்றும் கேட்கவில்லை. "கொயந்தைக்கு நகத்த வெட்டு, நீளமா கீது" என்றாள். பஸ் வந்ததும் ஏறிக்கொண்டாள்.

கம்பெனி சில வருடங்களில் மூடிவிட்டது. போன முறை அந்தப் பக்கம் போனபோது ஆலை இருந்த இடத்தில் டைல்ஸ் விற்கும் கடை இருந்தது. கூரையைக்கூட விட்டுவைக்கவில்லை. கொக்கிலமேட்டுக்கு ஒருமுறை போய் விசாரித்தேன். அஞ்சலை குடும்பம் எண்ணூர்ப் பக்கம் போய்விட்டது என்றார்கள். இன்னொருவர் இல்லை, பழவேற்காடு என்றார். என்னைப் பற்றித் தெரிந்த ஒரே ஆளை நான் அதற்கு மேல் தேடவில்லை. தேடிக் கண்டுபிடித்து என்ன சொல்வேன் என்று யோசித்தபடி பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டேன்.

இப்போது அந்தக் கதை செல்வியிடம் இருக்கிறது. வீட்டு விசேஷங்களில் சொல்வாள். "அண்ணிக்குக் கழுத்தத் தொட்டதும் தெரிஞ்சுபோச்சு. அடுத்த நிமிஷமே வேனைப் புடிச்சிட்டு ஓடி வந்துட்டாங்க." எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். பெற்ற மனசு என்பார்கள். நான் தாம்பூலத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.

சென்ற பொங்கலுக்கும் சொன்னாள். பெரியவளுக்கு இப்போது ஒன்பது வயது. விளையாட்டை விட்டுவிட்டு வந்து கேட்டாள்.

"எந்தக் கைம்மா?"

வலது என்று சொல்ல வாயெடுத்தேன். கயிற்றைப் பிடித்து இழுத்த கை எனக்கு எந்தப் பக்கம் இருந்தது? பாயில் அது மல்லாந்து கிடந்தபோது மூடியிருந்தது எந்தப் பக்கம்? அவள் இரண்டு கையையும் விரித்து நீட்டினாள். ஜன்னலுக்குப் பக்கத்தில் கூட்டிப் போய், கட்டைவிரல் அடியை ஒவ்வொன்றாக அமுத்திப் பார்த்தேன். இரண்டும் ஒரே மாதிரி இருந்தன.